கான்கிரீட் போடும் முன் ஒரு தடவை கூப்பிடுங்கள்

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் மெக்கானிக்கல் வேலையை, அதாவது பம்ப், வால்வு, பைப் பொருத்துகிற வேலையைக் கவனிக்கிறவனுக்குக் கடைசியில் மிஞ்சுவது இரண்டு மாதம்தான். எந்த வேலை எந்த மாதம் என்று கோடு போட்டுக் காட்டும் பார் சார்ட்டில் அவனுக்கு ஆறு மாதம் போட்டிருப்பார்கள். மணல் வரவில்லை, மழை பிடித்துக்கொண்டது, கம்பி கட்டுகிற ஆட்கள் தேர்தலுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று சிவில் பக்கம் நான்கு மாதத்தைச் சாப்பிட்டிருக்கும். இந்தப் பக்கம் எலெக்ட்ரிக்கல்காரர் பேனலை நிறுத்திக் கேபிளும் இழுத்துவிட்டு, "உங்க பம்ப் எங்க சார்?" என்று நிற்பார். தாமதம் எங்கே ஆரம்பித்தது என்பது ஆய்வுக் கூட்டம் நடக்கும் அன்றைக்கு எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும். கடைசியாகக் கையில் வைத்திருப்பவன் நான். ஆகவே தாமதமும் என்னுடையது.

என் அக்கா மகன் டிப்ளமோ முடித்துவிட்டுக் குடிநீர் வேலை செய்யும் ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்திருக்கிறான். "மாமா, சைட்ல நான் என்னத்த பாக்கணும்?" என்று போனில் கேட்டான். கையில் செக்லிஸ்ட் கொடுத்திருக்கிறார்களாம், நாற்பது வரி, எல்லாவற்றுக்கும் எதிரில் ஒரு டிக் கட்டம். டிக் போடத் தெரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம். போனில் அவனுக்குக் கொஞ்சம் சொன்னேன். மீதியை இங்கே எழுதி வைக்கிறேன். அவன் வயதுப் பிள்ளைகள் வேறு யாராவது படித்தாலும் சரி.

நான் திருவெறும்பூரில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்தவன். அப்புறம் பகுதி நேரத்தில் டிப்ளமோ. வேலை தொடங்கியது துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில். பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்துக்கு பாய்லர் பாகங்கள் செய்துகொடுக்கும் பட்டறைகள் அங்கே வரிசையாக இயங்கிய காலம் அது. வெல்டிங்கில் ஒரு ஊசித்துளை இருந்தாலும் எக்ஸ்ரேயில் மாட்டிக்கொள்ளும், வெட்டி எடுத்து மறுபடி போட வேண்டும். அந்தப் பழக்கத்தோடு தண்ணீர் வேலைக்கு வந்தேன். வந்த புதிதில் காதில் விழுந்த முதல் வேதவாக்கு: "தண்ணி தானே சார், ஸ்டீமா போகப்போகுது?" இன்றைக்கும் எந்த சைட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். கிராமத்தில் குடத்தோடு நிற்கிற பெண்களுக்கு ஸ்டீமும் தண்ணீரும் வேறுவேறுதான், சரி. ஆனால் 1480 ஆர்.பி.எம்.மில் சுற்றுகிற தண்டுக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்பது தெரியாது.

மெக்கானிக்கல் சூப்பர்வைசரின் வேலை பம்ப் லாரியில் வந்து இறங்கும்போது ஆரம்பிக்கிறது என்று பலபேர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், சம்ப் (தண்ணீர் சேரும் தொட்டி) சுவருக்குக் கான்கிரீட் ஊற்ற ஷட்டரிங் பலகை அடிக்கிற நாளில் ஆரம்பிக்கிறது. சுவரைத் துளைத்துக்கொண்டு பைப் போகிற இடத்தில் படில் காலர் (பைப்பைச் சுற்றி நிற்கும் வளையத் தகடு) வைத்த பைப் துண்டைக் கான்கிரீட்டோடு சேர்த்தே போட்டுவிடுவார்கள். காலர் சுவருக்குள் மாட்டிக்கொள்வதால் பைப்பின் வெளிப்புறத்தை ஒட்டித் தண்ணீர் ஊர்ந்து வராது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் போட்டது போட்டதுதான். 40 மி.மீ. தள்ளிப் போனால் சிவில்காரருக்கு அது பூச்சில் மறைகிற சமாசாரம். எனக்கு 2 மி.மீ. தள்ளினாலே அந்த வித்தியாசம் வால்வைத் தாண்டி, பைப்பின் அளவைக் குறைக்கும் ரெட்யூசரைத் தாண்டி, பம்ப்பின் கழுத்தில் வந்து உட்காரும்.

தள்ளிப் போவதைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். யாரும் பார்க்காதது ஃபிளாஞ்சின், அதாவது பைப் முனையில் போல்ட் துளைகளோடு இருக்கும் வளையத்தின், சுழற்சி. ஃபிளாஞ்சில் போல்ட் துளை நேர் உச்சியில் வரக்கூடாது. உச்சிக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் சமமாக ஒவ்வொரு துளை விழ வேண்டும். மேலே இருக்கும் அந்த இரண்டு துளைகளிலும் ஒரே அளவு போல்ட்டைச் செருகி, அவற்றின் மேல் ஸ்பிரிட் லெவலை வைத்தால் குமிழி சொல்லிவிடும். கம்பி கட்டுகிறவர் ஒருவர் பைப் மேல் காலை வைத்து ஏறினாலே இது திரும்பிவிடும். திரும்பிய ஃபிளாஞ்சில் ஸ்லூயிஸ் வால்வை (தண்ணீரைத் திறந்து மூடும் கதவு வால்வு) மாட்டினால் சக்கரம் மாட்டிய அதன் தண்டு, ஸ்பிண்டில், சாய்ந்தே நிற்கும், கட்டிடம் இருக்கிற வரைக்கும். பம்ப் ஹவுஸுக்குள் போனதும் வரிசையாக நிற்கிற வால்வுகளின் சக்கரங்களைப் பாருங்கள். ஒன்று மட்டும் தலையைச் சாய்த்திருந்தால் அன்றைக்கு ராத்திரி கான்கிரீட் போடும்போது மெக்கானிக்கல் ஆள் சைட்டில் இல்லை என்று அர்த்தம்.

கரூர்ப் பக்கம் ஒரு நீரேற்று நிலையத்தில் இப்படி ஒரு ராத்திரி. மிக்ஸர் லாரி இரண்டு வந்து உறுமிக்கொண்டு நிற்கிறது. லெவலை வைத்துப் பார்த்தால் குமிழி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேஸ்திரி, "சார், லாரிக்கு டைம் ஆவுது, கலவை செட்டாயிரும், ஒரு நூல்தானே" என்றார். "ஒரு நூல்தான் மேஸ்திரி, நீங்க சரி பண்ணுங்க, நான் டார்ச் புடிக்கிறேன்" என்றேன். முனகிக்கொண்டே இரண்டு கம்பியை வெட்டி, பைப்பைத் திருப்பி, ஆங்கிள் வைத்துப் பற்றவைத்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. காலையில் அதே திருத்தத்துக்குச் சுவரை உடைக்க வேண்டும். அதற்கு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எல்லாரும் சேர்ந்து வால்வைச் சாய்த்துவிடுவார்கள்.

திருச்சியைச் சுற்றிக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஆற்றுக்கு நடுவே வட்டமாக நிற்கிற கிணறுகளைப் பாலத்தில் போகும்போது பார்த்திருப்பீர்கள். கரையிலிருந்து ஒடுக்கமான நடைபாலம் ஒன்று அதற்குப் போகும். கிணற்றின் அடியிலிருந்து ஆற்று மணலுக்குள் நாலா பக்கமும் கிடைமட்டமாகத் துளையிட்ட குழாய்களைச் செலுத்தியிருப்பார்கள். மணலே வடிகட்டிவிடுவதால் ஆற்றில் மேலே தண்ணீர் இல்லாத கோடையிலும் கிணற்றில் தெளிந்த தண்ணீர் ஊறும். இந்தப் பக்கத்தில் எடுக்கிற தண்ணீர்தான் ராமநாதபுரம் மாவட்டம் வரைக்கும் போகிறது. கடலோரத்து உவர் மண்ணில் இருக்கிறவர்கள் குடிக்கிற ஒரு குடம், வழியில் எத்தனை பம்ப்பில் ஏறி இறங்கி வந்தது என்பது அவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

இந்தக் கிணற்று வேலைக்கு மட்டும் பார் சார்ட் செல்லாது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்து முன்பின்னாகும். டெல்டா விவசாயிக்கு ஜூன் 12 எப்படியோ அப்படித்தான் எங்களுக்கும், ஆனால் தலைகீழாக. அவர் தண்ணீர் எப்போது வரும் என்று பார்ப்பார், நாங்கள் அதற்குள் ஆற்றிலிருந்து ஏறிவிட வேண்டும். பிப்ரவரியிலிருந்து மே முடிய மணலில் லாரியும் கிரேனும் இறங்கலாம். அப்புறம் நடைபாலத்தில் தலைச்சுமைதான். 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் 9 அடித்துக்கொண்டு போயின. கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலமும் அந்த மாதம்தான் சரிந்தது. அதைப் பார்த்த பிறகு, கிணற்றின் மேல் மோட்டார் தளம் எதற்கு அவ்வளவு உயரம், செலவைக் குறைக்கலாமே என்று கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

கிணற்றில் இறக்குவது வெர்ட்டிகல் டர்பைன் பம்ப். கீழே இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) சுற்றுகிற பவுல், அதற்கு மேல் தண்ணீர் ஏறி வரும் காலம் பைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக, உள்ளே நடுவில் சுற்றும் தண்டான லைன் ஷாஃப்ட், உச்சியில் தண்ணீர் வெளியேறும் டிஸ்சார்ஜ் ஹெட், அதன் தலையில் மோட்டார். ஒவ்வொரு துண்டாகக் கட்டிக் கட்டி இறக்க வேண்டும். ஒரு ஜோடி கிளாம்ப் தளத்தில் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்க, அடுத்த துண்டைச் செயின் பிளாக்கில் தூக்கி மேலே நிறுத்தி, ஷாஃப்டை முடுக்கி, ஃபிளாஞ்சைப் போல்ட் போட்டு, கொஞ்சம் தூக்கி, கீழ்க் கிளாம்பைக் கழற்றி, "ஆரியா... ஆரியா... போதும்" என்று இறக்குவார்கள். அந்தக் குரல் கொடுப்பவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும். நானே நடுவில் வாய் திறக்க மாட்டேன். அவசரமாக நிறுத்தச் சொல்வதற்கு மட்டும்தான் சூப்பர்வைசருக்குக் குரல்.

கிணற்று வாயில் வேலை செய்கிற ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு கயிறு, அந்தக் கயிற்றின் மறுமுனை கைப்பிடிக் கம்பியில். தொடங்கும்போது எண்ணி, முடிக்கும்போது எண்ணுவது. வட மாநிலத்துத் தம்பிகள் முதல் நாள் சிரிப்பார்கள். ஒரு தடவை யாருடைய செல்போனாவது உள்ளே போன பிறகு சிரிக்க மாட்டார்கள். அதே மாதிரி வாய் திறந்து கிடக்கிற பைப்புக்கு எல்லாம் மூடி. மூடாத பைப்பில் வெல்டிங் ராடு துண்டு, துணி, சாப்பிட்ட பொட்டலம், தவளை எல்லாம் போகும். தவளை தானே வெளியே வந்துவிடும். மற்றவற்றைப் பம்ப்தான் இம்பெல்லரில் இழுத்து வெளியே எடுக்க வேண்டும்.

இந்தப் பம்ப்பில் இன்னொரு வினை இருக்கிறது. லைன் ஷாஃப்ட் துண்டுகளைச் சேர்ப்பது பெரும்பாலும் மரைக் கப்ளிங் (திருகி முடுக்கும் இணைப்பு). சரியான திசையில் சுற்றினால் மரை இறுகும். தவறான திசையில் மோட்டாரை ஓட்டினால் மரை கழன்று, ஷாஃப்ட் நீண்டு, இம்பெல்லர் பவுலை உரசி, மேலே தள்ளி, என்னென்னவோ உடையும். மூன்று ஃபேஸில் இரண்டு வயர் மாறியிருந்தால் போதும், சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அதனால் மோட்டாரைப் பம்ப்போடு இணைக்கும் முன், தனியாக ஒரு தட்டு தட்டித் திசை பார்த்தே ஆக வேண்டும். "சரியாத்தான் சுத்தும் சார், நான் மார்க் பண்ணித்தான் கட்டியிருக்கேன்" என்பார் எலெக்ட்ரீஷியன். நல்ல மனிதர், நிஜமாகவே மார்க் பண்ணியிருப்பார். ஆனால் நடுவில் யாரோ டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கேபிளை மாற்றியிருப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் யார் சொன்னாலும் நம்பாதே என்று அக்கா மகனிடம் சொல்லியிருக்கிறேன், நானே சொன்னாலும்கூட. ஓட்டும் முன் இன்னொன்று: ஷாஃப்டைத் தாங்குகிற ரப்பர் பேரிங்குகளுக்குத் தண்ணீர்தான் எண்ணெய். காலம் பைப்பில் தண்ணீர் இல்லாத உயரத்தில் இருக்கிற பேரிங்குகளுக்கு முதலில் மேலிருந்து தண்ணீர் விட்டு நனைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பொத்தானைத் தொட வேண்டும்.

கரையில் இருக்கிற நீரேற்று நிலையத்தில் பெரும்பாலும் படுத்திருக்கிற, கூடு இரண்டு பாதியாகப் பிரியும் ஸ்பிளிட் கேசிங் பம்ப். இங்கே முக்கியம் அடித்தளமும் அலைன்மென்ட்டும், அதாவது மோட்டார் தண்டும் பம்ப் தண்டும் ஒரே கோட்டில் நிற்பதும். அடித்தள பிளாக்கைச் சிவில்காரர் அழகாக, வழுவழுவென்று, சரியான உயரத்துக்கே முடித்துக் கொடுத்திருப்பார். அதுதான் பிரச்சினை. பம்ப்பும் மோட்டாரும் உட்காரும் பேஸ் பிளேட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே கிரவுட் (இடைவெளியை நிரப்பும் கலவை) போக 25 மி.மீ.யாவது இடம் வேண்டும், மேற்பரப்பும் சொரசொரப்பாக இருக்க வேண்டும். கொத்திவிடச் சொன்னால் அவருக்கு மனசு வலிக்கும். கிரவுட்டாகச் சிமென்ட்டும் மணலும் குழைத்தது கூடாது. சுருங்காத கிரவுட் மூட்டையாக வரும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஊற்றி மறுபக்கம் வழிந்து வருகிற வரைக்கும் விட வேண்டும். நாலு பக்கமும் ஆள் நின்று ஊற்றினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். இறுகிய பிறகு சின்னச் சுத்தியலால் பேஸ் பிளேட்டை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால் நிறைந்த இடமும் பொள்ளலான இடமும் காதுக்கே தெரியும். பொள்ளலைச் சாக்பீஸில் வட்டம் போட்டுவிடுவேன். வட்டம் போடாவிட்டால் மறுநாள் பெயின்ட் அடித்துவிடுவார்கள்.

அலைன்மென்ட் பற்றி எழுத ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். கொஞ்சமாக எழுதுகிறேன். மோட்டார் தண்டிலும் பம்ப் தண்டிலும் எதிரெதிரே இருக்கும் கப்ளிங்குகளில் ஒன்றில் டயல் கேஜைக் (நுண்ணளவை முள்ளால் காட்டும் கருவி) கட்டி, முள் எதிர்க் கப்ளிங்கின் விளிம்பைத் தொடும்படி வைத்து, இரண்டு கப்ளிங்கையும் சேர்த்தே சுற்றுவது. மேலே பூஜ்யம் வைத்து, வலது, கீழ், இடது என்று நான்கு இடத்தில் படிப்பது. உதாரணத்துக்கு வலது 0.06, கீழே 0.10, இடது 0.04 மி.மீ. என்று வருகிறது. மேல் அளவான பூஜ்யத்தையும் கீழ் அளவையும் கூட்டினால் 0.10, வலதும் இடதும் கூட்டினாலும் 0.10. இரண்டு கூட்டலும் ஒத்துப்போனால் அளவை நம்பலாம். ஒத்துப்போகவில்லை என்றால் கேஜ் ஆடுகிறது, இல்லையென்றால் எழுதுகிறவர் மனசிலிருந்து எழுதுகிறார். கான்ட்ராக்டர் கொடுக்கிற அலைன்மென்ட் ஷீட்டில் நான் முதலில் பார்ப்பது இந்தக் கூட்டலைத்தான். சைட்டுக்கே போகாமல் ஆபீஸில் உட்கார்ந்து நிரப்பிய ஷீட் இதில் தப்பவே முடியாது. கீழே 0.10 என்றால் உயர வித்தியாசம் அதில் பாதி, 0.05. இந்த வேகத்துக்கு அது ஏறத்தாழ எல்லையில் நிற்கிறது, ஒரு ஷிம் மாற்றினால் நல்லது.

ஷிம் என்றால் அளவெடுத்து வெட்டிய ஸ்டீல் தகடு. எண்ணெய் டின்னை வெட்டி மடித்துச் செருகியதைப் பார்த்திருக்கிறேன். அதில் "ரீஃபைண்ட்" என்ற எழுத்து பாதி தெரிந்தது. மடித்த தகடு சுருள்வில் போல வேலை செய்யும்; போல்ட்டை முறுக்க முறுக்க அளவு மாறிக்கொண்டே இருக்கும். மோட்டாரின் நான்கு கால்களில் ஒவ்வொன்றாகப் போல்ட்டைத் தளர்த்தி, அந்தக் காலின் மேல் டயல் வைத்துப் பார்த்தால், எந்தக் கால் தரையில் பாவாமல் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். முள் 0.05-க்கு மேல் எழும்பினால் அந்தக் காலைச் சரிபண்ணாமல் அலைன்மென்ட்டைத் தொடவே கூடாது.

என்னோடு பல திட்டங்களில் இருந்த பெரிய ஃபிட்டர் ஒருவர், எங்களுக்கெல்லாம் அண்ணன், கடைசி அளவுகளைப் பெயின்ட் மார்க்கரில் கப்ளிங்கை மூடும் கார்டின் உள்பக்கத்தில் தேதியோடு எழுதிவிடுவார். ஷீட் எந்த ஃபைலில் போகிறதோ தெரியாது. பத்து வருஷம் கழித்து பேரிங் மாற்ற வருகிறவன் கார்டைக் கழற்றித்தானே ஆக வேண்டும். இதை நானும் எல்லா சைட்டிலும் செய்ய வைக்கிறேன்.

இவ்வளவும் சரியாக வந்த பிறகுதான் வம்பு. பைப்லைன் வந்து பம்ப் ஃபிளாஞ்சைத் தொடுகிறது. தொடவில்லை, 15 மி.மீ. இடைவெளி. அல்லது மேல் பக்கம் வாய் திறந்து கீழ்ப் பக்கம் முட்டுகிறது. ஒரு திட்டத்தில் தொடக்க விழாவுக்குத் தேதி குறித்துப் பந்தல் கால் நட்டாயிற்று. நான் காலையில் போகும்போது செயின் பிளாக் போட்டு டெலிவரி பைப்பை இழுத்து, நீளமான மரைக் கம்பி (ஸ்டட்) நாலு வைத்து முறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். கான்ட்ராக்டரின் மேனேஜர், "சார், இழுத்தாச்சு, உக்காந்துருச்சு, கேஸ்கட் பிடிச்சுக்கும்" என்றார். நான் வாதம் எதுவும் பண்ணவில்லை. டயலைக் கப்ளிங்கில் கட்டி, மேலே பூஜ்யம் வைத்து, "இப்ப ஸ்டட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணுங்க" என்றேன். ஒவ்வொரு நட்டுக்கும் முள் நகர்ந்துகொண்டே போனது. கடைசி நட்டுத் தளர்ந்தபோது பைப் ஒரு சத்தத்தோடு பின்வாங்கியது. முள் அரை மில்லிமீட்டரைத் தாண்டி நின்றது. அத்தனை இழுப்பையும் வார்ப்பிரும்புக் கேசிங் தாங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல்தான் விடும்.

மேனேஜர் எதுவும் பேசவில்லை. பெரிய ஃபிட்டர் அண்ணன்தான், "வெட்டிட்டுப் புதுசா ஒரு துண்டு போட்டுரலாங்க சார், ராவோட ராவா முடிச்சுருவோம்" என்றார். முடித்தார்கள். ஃபிளாஞ்சுகள் கையால் தள்ளினாலே போல்ட் நுழைகிற அளவுக்கு வந்தன. பம்ப்பை அதன் இடத்தில் பொருத்தி, பைப்பைப் பம்ப்புக்குக் கொண்டுவா, பம்ப்பைப் பைப்புக்கு இழுக்காதே என்பதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. மேனேஜருக்குப் புத்தகம் தெரியாமல் இல்லை. அவருக்குப் பந்தல் தெரிந்தது. முள் நகர்வதைக் கண்ணால் பார்க்க வைத்தால் சண்டையே தேவையில்லை என்பது என் அனுபவம். நீளத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளக்கூடிய டிஸ்மேன்ட்லிங் ஜாயின்ட் ஒன்று டிசைனிலேயே வைத்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை. மதிப்பீட்டைக் குறைக்கும்போது முதலில் வெட்டுவது அதைத்தான்.

பைப்பில் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு வருகிறேன். 600 மி.மீ. பைப்பின் வாயை அடைத்து 10 கிலோ அழுத்தம் (ஒரு சதுர செ.மீ.க்கு 10 கிலோ) ஏற்றினால், அந்த அடைப்பைத் தள்ளுகிற விசை 28 டன்னுக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள். இதைத் தாங்க முட்டுக் கொடுக்காமல் நாலு மண் மூட்டையை வைத்துவிட்டு டெஸ்ட் ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. அடைப்புக்கு நேர் எதிரில் யாரும் நிற்கக்கூடாது, போட்டோ எடுக்கவும்கூடாது. பைப்பை மெதுவாக நிரப்ப வேண்டும், மேடான இடங்களில் ஏர் வால்வு வழியாகக் காற்று முழுக்கப் போக வேண்டும். உள்ளே காற்று மாட்டியிருந்தால் அழுத்தம் ஏறவே ஏறாது, ஏறினாலும் இறங்கும்போது ஏன் இறங்குகிறது என்று சொல்ல முடியாது.

மண் மூடாத, வெயிலில் கிடக்கிற பைப்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு டெஸ்ட் தொடங்கினால், பத்து மணிக்கு அழுத்தம் காட்டும் கேஜ் இறங்கியிருக்காது, ஏறியிருக்கும். வெயிலில் தண்ணீர் சூடாகி விரிகிறது. சின்னதாக ஒரு கசிவு இருந்தாலும் வெயில் அதை ஈடுகட்டிவிடும். "பாருங்க சார், டிராப்பே இல்ல" என்று கையெழுத்துக்கு நீட்டுவார்கள். தெரிந்து செய்கிறவர்களும் உண்டு, தெரியாமல் செய்கிறவர்களும் உண்டு. நான் சாயங்காலம் தொடங்கச் சொல்வேன், இல்லாவிட்டால் மறுநாள் அதே நேரத்து அளவைக் கேட்பேன். கேஜுக்குக் காலிபரேஷன் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அதில் இருக்கிற சீரியல் நம்பர் கேஜிலும் இருக்கிறதா என்று பார்ப்பதும் வழக்கம். பல தடவை இருக்காது.

கடைசியில் டிரையல் ரன். டெலிவரி வால்வை மூடி வைத்துப் பம்ப்பை ஸ்டார்ட் பண்ணி, வேகம் பிடித்ததும் மெல்லத் திறப்பது. பேரிங் சூடு, அதிர்வு, ஆம்பியர், சத்தம். உள்ளே சரளை உருள்வது போலச் சத்தம் வந்தால் பம்ப் தண்ணீரை இழுக்கும் சக்ஷன் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்: ஸ்டிரெய்னர் அடைத்திருக்கும், அல்லது சம்ப்பில் தண்ணீர் மட்டம் குறைந்திருக்கும். இவையெல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான். யாரும் செய்ய விரும்பாத ஒரு சோதனை இருக்கிறது: ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை வெட்டுவது. பைப்லைனில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகிற தண்ணீர் சட்டென்று நின்றால் ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தம், அதாவது இன்னொரு 10 கிலோ, மேலே கூடும். தண்ணீரைத் திரும்பி வரவிடாத ரிஃப்ளக்ஸ் வால்வு அறைந்து மூடுகிற சத்தம் கட்டிடம் முழுக்கக் கேட்கும். நம் ஊரில் மின்சாரம் எப்படியும் போகத்தான் போகிறது. முதல் தடவை போகும்போது தண்ணீர் அறையும் நேரத்தில் வால்வு, அதிர்ச்சியைத் தாங்கும் ஏர் வெசல் (காற்றுத் தொட்டி), பைப்பைப் பிடித்து நிறுத்தும் ஆங்கர் பிளாக் பக்கத்தில் நாங்கள் ஆளுக்கொரு இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது நல்லதா, அல்லது ராத்திரி இரண்டு மணிக்கு ஆபரேட்டர் மட்டும் இருக்கும்போது நடப்பது நல்லதா என்று கேட்பேன். இந்தக் கேள்விக்கு இதுவரைக்கும் யாரும் மறுத்துப் பேசியதில்லை, ஆனால் சோதனை நடக்கிற அன்றைக்குப் பெரிய அதிகாரிகளுக்கு வேறு மீட்டிங் வந்துவிடும்.

ஒப்படைப்பு முடிந்து, சாவி கைமாறிய பிறகு பம்ப் ஆபரேட்டரின் ராஜ்ஜியம். அவரிடம் நான் சொல்லிவிட்டு வருவது ஒன்றுதான்: தண்டு பம்ப்புக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் கிளாண்டில் தண்ணீர் சொட்ட வேண்டும். அந்தச் சொட்டுதான் அங்கே அடைத்த பேக்கிங் கயிற்றையும் தண்டின் மேலுறையான ஸ்லீவையும் குளிர்விக்கிறது. தலையாட்டுவார். அடுத்த தடவை அந்தப் பக்கம் போகும்போது கிளாண்ட் நட்டை இறுக்கி, ஒரு சொட்டு இல்லாமல், தரையை வெள்ளையாகத் துடைத்து வைத்திருப்பார். ஷாஃப்ட் பக்கத்தில் கருகின வாடை வரும். அவரையும் குறை சொல்ல முடியாது. ஆய்வுக்கு வருகிறவர்கள் தரை ஈரமாக இருந்தால் அவரைத்தான் திட்டுகிறார்கள். இப்போதெல்லாம் கிளாண்டுக்குக் கீழே ஒரு தட்டு வைத்து, அதிலிருந்து டியூப் ஒன்றைக் கால்வாய் வரைக்கும் நான் இருக்கும்போதே போட்டுவிடுகிறேன். பேக்கிங் கயிறு ஒரு டப்பா அலமாரியில் ஸ்பேராக வைத்துவிட்டு வருகிறோம். அது தீர்ந்தால் வாங்கித் தரவேண்டியது திட்டப் பிரிவா, பராமரிப்புப் பிரிவா என்பதற்கு இன்னும் கடிதம் ஓடிக்கொண்டிருக்கிறது.